பேர் எழுதாத வண்டி

அத்தியாயம் பதினேழு

மூன்று நாள் மழையில் ஊரில் என்னென்னவோ கரைந்து போயிருந்தது. மஞ்சள் எழுத்து மட்டும் கரையவில்லை.

பொக்லைன் வண்டியின் இரண்டு பக்கமும், முழ உயரத்தில், ‘மேயர் காசிமிரோ உபயம்’ என்று நின்றது. வண்டி ஓட்டுகிற ரூஃபினா காய்ச்சலில் படுத்துக் கிடந்த ஒரே ஒரு நாளில் தார்ப்பாயைக் கட்டி, டவுனிலிருந்து பெயின்டரைக் கூட்டி வந்து, எழுதி முடித்துவிட்டார் அமாதேயோ. செத்துப்போன அவள் புருஷன் பெனித்தோவின் கூடப்பிறந்த அண்ணன். லுமாங்கோ நகராட்சியில் தப்தாப் கிராமத்துக்குப் பதினைந்து வருஷமாகத் தலைவர். ஊரே அவரை ‘காப்’ என்று கூப்பிடும். அவள் மட்டும் மரியாதையும் முறையும் சேர்த்து ‘மனோங்’ என்பாள்.

வேறு வண்டியாக இருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அந்தத் தீவில் மேயர் பேர் எழுதாத பஸ் நிறுத்தம் இல்லை, கூடைப்பந்துத் திடல் இல்லை. ஒருமுறை ஏழைகளுக்குக் கொடுத்த சவப்பெட்டியின் மூடியில்கூட எழுதி வந்தது.

ஆனால் இந்தப் பொக்லைன் எந்த மேயருடையதும் அல்ல.

ஆறு வருஷத்துக்கு முன்னால் லுமாங்கோவில் ஒரு பொக்லைன் இருந்தது, டீசல் இல்லை. காபாசனில் டீசல் இருந்தது, வண்டிக்கு டயர் இல்லை. இனாயவானில் நல்ல ஓட்டுநர் இருந்தான், ஓட்ட வண்டி இல்லை. மலைமேல் பாங்தோலில் வண்டியும் இருந்தது, ஆளும் இருந்தான், எப்போது பார்த்தாலும் அந்த ஊர் மேயருடைய மச்சினன் வீட்டுக் கிணற்றைத்தான் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நாலு ஊரும் ஒரு மேஜையில் உட்கார ஒரு வருஷம் ஆயிற்று. உட்கார்ந்த பிறகு, இருந்ததை எல்லாம் ஒரே கொட்டகையில் கொண்டுவந்து போட்டார்கள். பழைய பொக்லைன் இரண்டையும் விற்றுச் சேர்ந்து வாங்கிய ஒரு பொக்லைன், ஒரு லாரி, இரண்டு ஆம்புலன்ஸ். பத்து நாள் ஒரு ஊர் முறை. வண்டி எந்த ஊரில் வேலை செய்கிறதோ, டீசலும் ஓட்டுகிறவருக்குச் சோறும் அந்த ஊர் பொறுப்பு.

எந்தப் பேரும் எழுதக்கூடாது. எந்த முகமும் ஒட்டக்கூடாது. எந்தக் கட்சி நிறமும் அடிக்கக்கூடாது. கடைசியில் எந்தக் கட்சியும் தொடாத நிறம் என்று தேடிப் பிடித்து எல்லா வண்டிக்கும் சாம்பல் நிறம் அடித்தார்கள்.

புது வண்டிக்கு ரத்தம் காட்டக் கோழி அறுப்பது வழக்கம். எந்த ஊர்க் கோழி என்று அதற்கும் சண்டை. ஒரு டயருக்கு ஒரு ஊர்க் கோழி என்று நாலு கோழி அறுத்த பிறகுதான் பாதிரியார் தீர்த்தம் தெளிக்க முடிந்தது. ரூஃபினா அன்று அந்த நாலு கோழியையும் குழம்பு வைத்தவள். கல் குவாரியில் கூடை சுமந்துகொண்டிருந்தவள். அதே வண்டியை ஒருநாள் நீயே ஓட்டக் கற்று ஓட்டுவாய் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் கரண்டியால் அடித்திருப்பாள்.

இப்போது அந்த வண்டி தப்தாப் முகத்துவாரத்தில், மணல் மேட்டின் முதுகில் நின்று தோண்டிக்கொண்டிருந்தது.

கடல் மணலைக் கொண்டுவந்து ஆற்றின் வாயை அடைத்துவிட்டது. மலைத்தண்ணீர் போக வழியில்லாமல் ஊருக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. பள்ளத்துப் பதினாலு வீட்டில் முழங்கால் தண்ணீர். அறுப்புக்கு நின்ற நெல் கழுத்தளவு முங்கி, கதிரை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கடல் வற்றத் தொடங்குவது மதியம் ஒரு மணிக்கு. அந்த வற்றத்தில் மேட்டை உடைத்துவிட்டால் ஆறே மிச்சத்தை அரித்துக்கொண்டு போகும். விட்டால் அடுத்த ஏற்றத்தில் பள்ளத்து வீடுகளின் கூரைதான் தெரியும்.

காலை ஆறு மணியிலிருந்து தோண்டுகிறாள். காய்ச்சல் விட்ட உடம்பு. பத்தரை மணிக்கு மேட்டில் முக்கால்வாசி முடிந்திருந்தது. இன்னும் முப்பது அடி.

கேபினில் தொங்கிய ரேடியோ கரகரத்தது.

“வண்டி ஒண்ணு, வண்டி ஒண்ணு. கேக்குதா?”

ஒஃபேலியாவின் குரல். காபாசன் மீன் சந்தைக்கு மேல் மாடியில் ஒரு மேஜை, ஒரு ரேடியோ, ஒரு கெட்டில் காப்பி. நாலு ஊருக்கும் கூப்பிடு குரல் அவள்தான். நாலு வருஷமாக அந்தக் குரலை ரூஃபினாவுக்குத் தெரியும். முகத்தை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள்.

“கேக்குது, மனாங்,” என்றாள். அக்காவுக்கு அங்கே அதுதான் சொல்.

“பாங்தோல் சாலை, கிலோமீட்டர் இருபத்தொண்ணு. மண்சரிவு. பின்னாடி நம்ம ஆம்புலன்ஸ் நிக்குது. உள்ள ரெண்டு உயிர். சுமந்து தாண்ட வழியில்ல, இடுப்பளவு சேறு. வேற வண்டி இல்ல. நீதான்.”

ரூஃபினாவின் கை லீவரிலேயே நின்றது.

இரண்டு உயிர் என்றால் பிள்ளைத்தாய்ச்சி. பாங்தோல் மேலே காத்மோன் கிராமத்தில் அவளுடைய ஒரே மகள் மரிஸ்டெல் இருக்கிறாள். எட்டு மாதம். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று ரூஃபினா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காத்மோனில் மட்டும் மூன்று பேர் முழுகாமல் இருக்கிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டாள். மலையில் டவர் விழுந்து இரண்டு நாள் ஆகிறது. போன் போடவும் வழியில்லை.

யார் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டாலும் ஒஃபேலியா சொல்ல மாட்டாள். ரேடியோவில் ஆள் பேர் சொல்வதில்லை என்பது நாலு ஊரும் போட்ட இன்னொரு கட்டு. முதல் வருஷம் சொல்லிப் பார்த்தார்கள். சொன்னவுடனே, அவன் யாருக்கு ஓட்டுப் போட்டவன், யாருக்கு மருமகன் என்று விசாரித்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார்கள். அதிலிருந்து கிலோமீட்டரும் தேவையும் மட்டும்.

அவள் வண்டியின் கையைத் தூக்கி மடக்கினாள். அதைப் பார்த்ததுமே கரையிலிருந்து அமாதேயோ ஓட்டமும் நடையுமாக வந்தார். அறுபது வயசுக்கு நல்ல வேகம். கதவைத் திறந்தார், கையை உள்ளே விட்டார், சாவியைத் திருகி உருவிக்கொண்டார்.

வண்டி செத்தது. திடீரென்று மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் கெட்டவர் இல்லை. பள்ளத்துப் பதினாலு வீட்டில் ஒன்று அவருடையது. ஆனால் அவர் முதலில் காலி செய்தது பக்கத்து வீட்டுக் கிழவரைத்தான். ராத்திரி முழுக்க அரிசி மூட்டையும் பன்றிக்குட்டியும் சுமந்து அவர் தோள் தோலுரிந்து போயிருந்தது. இன்னும் இரண்டே மணி நேரம் கொடு, மேட்டை உடைத்துவிட்டுப் போ என்றார். இது லுமாங்கோவின் முறை, எட்டாவது நாள்தான் ஆகிறது, பத்து நாளும் எங்களுக்கு என்றார். அங்கே ஒரு வண்டி நிற்கிறது, இங்கே ஒரு கிராமமே நிற்கிறது என்றார்.

அதுவும் பாங்தோல். அந்த ஊர்ப் பையனை மரிஸ்டெல் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் அந்த மலைப் பக்கம் தலை திருப்பிப் படுத்ததுகூட இல்லை. பையனின் அப்பா எதிர்க்கட்சி மேயருக்குக் கொடி பிடித்தவர். கல்யாணத்துக்கு அமாதேயோ கோயில் வாசல்வரை வந்து திரும்பிப் போனார். இனி மரிஸ்டெல் பேரை என் காதில் போடாதே என்று ரூஃபினாவிடம் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. அவளும் போடவில்லை, மகள் முழுகாமல் இருப்பதையும்கூட.

அமாதேயோ ரேடியோவை எடுத்தார்.

“ஒஃபேலியா, நான் தப்தாப் காப் பேசறேன். யாரு ஆளு உள்ள?”

“பேரு சொல்றதில்ல, காப்.”

“எங்க ஊரு ஆளா, அவங்க ஊரு ஆளா, அதையாவது சொல்லு.”

“அதையும் சொல்றதில்ல. உங்களுக்குத் தெரியாததா?” பின்னால் கெட்டில் கூவுவது கேட்டது. “காபாசன் லாரி கிளம்பிடுச்சு. நாப்பது பேரு, மம்பட்டியோட. இனாயவான் மீன்காரங்க படகுல வராங்க. ஒரு மணிக்குள்ள உங்க மேட்டுல நிப்பாங்க. வண்டிய விடுங்க.”

“மம்பட்டியா?” அமாதேயோ சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. “பொக்லைனைக் குடுத்துட்டு மம்பட்டி வாங்கிக்கணுமாம். நல்ல வியாபாரம்.”

ரூஃபினா இருக்கையிலிருந்து இறங்கவில்லை. கை நீட்டவும் இல்லை.

“நங்கா பாலத்துல நாப்பது நிமிஷம் நின்னோம், மனோங்,” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், பெனித்தோவின் காலை மரம் நசுக்கிய அன்று, லுமாங்கோ மேயரின் ஆம்புலன்ஸ் அவனை நங்கா பாலம்வரை கொண்டுபோயிற்று. பாலத்துக்கு அந்தப் பக்கம் காபாசன். ஆஸ்பத்திரி அங்கேதான். ஆனால் மேயர் பேர் எழுதிய வண்டி எல்லை வளைவைத் தாண்டக்கூடாது. அந்த ஊர் வண்டி வந்து ஆளை வாங்கிக்கொள்ள வேண்டும். வந்தது. நாற்பது நிமிஷம் கழித்து வந்தது. அந்த நாற்பது நிமிஷமும் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, போகச் சொல்லி டிரைவரின் சட்டையைப் பிடித்து உலுக்கியவர் அமாதேயோ. டிரைவரும் அழுதானே தவிர வண்டியை எடுக்கவில்லை.

மழை அவர் மூக்கு நுனியில் சொட்டியது. அவர் ஊரைப் பார்த்தார். பள்ளத்து வீட்டுக் கூரைகளில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஆற்றைப் பார்த்தார். சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

“போ, இந்தாய்.”

தங்கச்சி முறைப் பெண்ணை அந்தப் பக்கத்தில் செல்லமாகக் கூப்பிடும் சொல் அது. ஒரு வருஷமாக அவர் அவளை அப்படிக் கூப்பிடவில்லை.

*

மலைச்சாலையில் பொக்லைன் மாட்டு வண்டி மாதிரிதான் ஏறும். ரூஃபினாவுக்கு இரண்டு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. யாராக இருக்கும். அவள் கியரை மாற்றினாள். வேலை செய்கிற உடம்புக்கு ஒரு வசதி உண்டு, மனசு ஓடும்போது கையைப் பிடித்து இழுத்து வைக்கும்.

பாங்தோல் எல்லை வளைவில் பத்து இருபது பேர் நின்றிருந்தார்கள். முன்னால் நின்றது காப் தெர்சிதா, காத்மோன் தலைவி. குட்டையான உருவம், ஆண்கள் பூட்ஸ், தலையில் பிளாஸ்டிக் பை. அவள் கண் மஞ்சள் எழுத்தில் விழுந்தது. எல்லார் கண்ணும் விழுந்தது. ஒருத்தன் கீழே துப்பினான்.

கட்டுப்பாட்டை மீறிப் பேர் எழுதிய வண்டியைத் திருப்பி அனுப்ப எந்த ஊருக்கும் உரிமை உண்டு. ரூஃபினாவுக்கு அது தெரியும். எல்லை வளைவுக்குக் கீழே வண்டியை நிறுத்தியபோது நங்கா பாலம் நினைவுக்கு வந்தது.

தெர்சிதா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“உங்க மேயரே நேர்ல வந்துட்டாரோன்னு பாத்தேன். பேரை மட்டும்தான் அனுப்பியிருக்காரா?”

ரூஃபினா தன் ஊருக்காக வெட்கப்பட்டு, அது தான் படுத்திருந்தபோது நடந்தது என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். தெர்சிதா கேட்கவில்லை. குனிந்தாள். இரண்டு கையிலும் சேற்றை அள்ளினாள். காசிமிரோவின் ‘கா’ மேல் சொத்தென்று அப்பினாள்.

“எங்க ஊர்ல இன்னிக்கு மண்ணு நெறைய இருக்கு. வாங்கடா.”

இருபது பேரும் அள்ளி அப்பினார்கள். மஞ்சள் மறைந்தது. மூன்று நாளாக மழையிலும் மண்ணிலும் அடிபட்டவர்கள், சிரித்துக்கொண்டே அப்பினார்கள். ஒருத்தன் ஜன்னல் கண்ணாடியிலும் அப்பிவிட்டு அதற்குத் திட்டு வாங்கினான். அரை நிமிஷ வேலை. வண்டி நகர்ந்தபோது யாரோ ஒரு பொம்பளை ஓடி வந்து, வாழையிலையில் கட்டிய சோறும் கருவாடும் கேபினுக்குள் எறிந்தாள். வண்டி பாங்தோலுக்குள் வந்துவிட்டது. இனி ஓட்டுகிறவளுக்குச் சோறு பாங்தோல் பொறுப்பு.

சரிவு அவள் நினைத்ததைவிடப் பெரிது. மேலிருந்து ஒரு தோப்பே படுத்தவாக்கில் இறங்கி வந்திருந்தது. தென்னை மரங்கள் வேரோடு, நடுவில் ஒரு எருமை அளவு பாறை. அதற்கு அப்பால், சேற்றின் மறுகரையில், சாம்பல் நிற ஆம்புலன்ஸின் இரண்டு விளக்கு.

தெர்சிதா சரிவுக்கு மேலே மூன்று பேரை விசிலோடு ஏற்றி நிறுத்தியிருந்தாள். மண் அசைந்தால் ஊதுவார்கள். ஊதினால் ரூஃபினா வண்டியை விட்டுவிட்டுக் குதித்து ஓட வேண்டும். அவள் சரி என்று தலையாட்டினாள். ஓட மாட்டாள் என்று அவளுக்கே தெரியும்.

முதலில் கீழே தோண்டக்கூடாது. கீழே பிடுங்கினால் மேலே உள்ளது வந்து உட்காரும். ஓரத்திலிருந்து, சோற்றுப் பானையைக் கரண்டியால் வழிக்கிற மாதிரி, மேல் மண்ணை வழித்துப் பள்ளத்தாக்கில் தள்ள வேண்டும். மரத்தை இழுக்காமல் உருட்ட வேண்டும். பொக்லைன் ஓட்டிய பெனித்தோ ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தால் இதைத்தான் பேசுவான். அவள் அப்போது பாதிதான் கேட்பாள். கேட்ட பாதி இப்போது கையில் இருந்தது.

வழித்தாள். தள்ளினாள். பின்னால் வந்தாள். மறுபடி முன்னால் போனாள். பாறையை வாளியின் பல்லால் மூன்று தடவை நெம்பினாள், நாலாவது தடவை அது முனகிக்கொண்டு புரண்டது. அது விழுந்த சத்தம் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து வெகு நேரம் கழித்துக் கேட்டது.

ஒருமுறை விசில் ஊதியது. எல்லாரும் ஓடினார்கள். ரூஃபினா வாளியைத் தரையில் ஊன்றிக்கொண்டு கண்ணை மூடினாள். ஒரு கூடை மண் வந்து கேபின்மேல் விழுந்தது. அதோடு நின்றது. கண்ணைத் திறந்தால் தெர்சிதா படிக்கட்டில் தொங்கிக்கொண்டு அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தாள். ஓடச் சொன்னால் ஓடணும், செவிட்டுக் கழுதை, வண்டி போனால் நாலு ஊர் சேர்ந்து இன்னொண்ணு வாங்கும், உன்னைப் போல இன்னொருத்திக்கு எங்கே போக?

பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு வண்டி அகலத்துக்கு வழி தெரிந்தது.

ரூஃபினா பொக்லைனைப் பள்ளத்தாக்கு ஓரமாக ஒட்டி நிறுத்தினாள். வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் கீழே மண் இளகிக்கொண்டிருந்தது. வாளியைத் தரையில் அழுத்தி, பிரேக்கில் முழு உடம்பையும் வைத்து மிதித்து, வண்டியைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் அங்குலம் அங்குலமாக வந்தது. இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு சாண்.

ஆம்புலன்ஸின் பக்க ஜன்னல் அவள் முகத்துக்குக் கீழே வந்தது.

உள்ளே யாரோ ஒரு போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தார்கள். பழைய துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை. நடுவில் ஆரஞ்சு நிறத்தில் பெரிய சதுரங்கள். பெனித்தோவின் வேலைச் சட்டையைக் கத்தரித்து ரூஃபினா தைத்தது. மகள் புருஷன் வீடு போனபோது கட்டிக் கொடுத்தது.

மருமகன் கண்ணாடியில் முகத்தை வைத்து மேலே பார்த்தான். அவன் வாய் திறந்தது. அம்மா என்றிருக்கலாம். கேட்கவில்லை.

அவளால் இறங்க முடியாது. காலை எடுத்தால் பொக்லைன் நழுவும். நழுவினால் ஆம்புலன்ஸையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போகும். அவள் மிதித்தபடியே இருந்தாள். ஜன்னல் நகர்ந்தது. பின்கதவு நகர்ந்தது. சாம்பல் நிறம் வளைவில் திரும்பி மறைந்தது.

பிரேக்கிலிருந்து கால் வரவில்லை. தெர்சிதாதான் ஏறி வந்து முழங்காலைப் பிடித்து எடுத்துவிட்டாள். முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

“உன் பொண்ணா? அது லுமாங்கோக்காரியோட பொண்ணுன்னு தெரியும். அந்த லுமாங்கோக்காரிதான் வண்டி ஓட்டறான்னு எனக்குத் தெரியாது. ரேடியோல உன் பேரும் சொல்லல.”

லாரி ஏதாவது பிடித்துத் தருகிறேன், பின்னாலேயே போ என்றாள் தெர்சிதா. ரூஃபினா வழியைப் பார்த்தாள். பாதி வழிதான் திறந்திருந்தது. இன்னொரு மழை வந்தால் மூடிக்கொள்ளும். பின்னால் ஏழெட்டு வண்டி நின்றது, அதில் டயாலிசிஸுக்குப் போகிற ஒருத்தரும் இருந்தார். அவர் பேரும் அவளுக்குத் தெரியாது.

அவள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். சாவியைத் திருகினாள்.

ரேடியோவில் ஒஃபேலியா ஆம்புலன்ஸ் போகும் சாலையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். வழியில் நின்ற ஒவ்வொரு ஊர்க்காரரும் அவளுக்குச் சொல்ல, அவள் எல்லாருக்கும் சொன்னாள். லுமாங்கோ சந்தை தாண்டியாச்சு, கடைக்காரங்க வழி விட்டாங்க. ஆலமரம் தாண்டியாச்சு. ரூஃபினா வழித்தாள், தள்ளினாள். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது.

“நங்கா பாலம் தாண்டியாச்சு. நிக்கல.”

ரூஃபினா வாளியைக் கீழே வைத்தாள். லீவரின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு அடுத்த வாளி மண்ணை அள்ளினாள்.

*

அவள் முகத்துவாரத்துக்குத் திரும்பியபோது மணி ஐந்து. மழை விட்டு, மேகத்துக்கு அடியில் வெயில் ஒரு கோடு போட்டிருந்தது.

ஆறு ஓடிக்கொண்டிருந்தது. முப்பது அடி மேட்டை மம்பட்டியால் வெட்டியிருந்தார்கள். காபாசன் நாற்பது பேர், இனாயவான் மீன்காரர்கள் பதினெட்டு பேர், தப்தாப்பில் நடக்க முடிந்த எல்லாரும். முதலில் ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் மாதிரி வெட்டினார்களாம். மூன்றரை மணிக்குத் தண்ணீர் அதில் ஒரு நூல் மாதிரி இறங்கியதாம். அரை மணியில் அந்த நூல் மேட்டையே தின்றுவிட்டது. ஒரு காபாசன்காரனை ஆறு தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போட, இனாயவான் படகு அவனை மீன் மாதிரி அள்ளி வந்ததாம். அவன் மம்பட்டியைத்தான் கடைசிவரை விடவில்லையாம். பள்ளத்து வீடுகளின் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே ஈரம். அதற்குக் கீழே தரை. நெல்லில் பாதி தேறும் என்றார்கள்.

வந்தவர்களுக்கு ஊர்ப் பெண்கள் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தப்தாப்பில் வேலை செய்தவர்களுக்குச் சோறு தப்தாப் பொறுப்பு.

அமாதேயோ தொடைவரை சேற்றோடு மணலில் நின்றிருந்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். பேர் மறைந்து மண் காய்ந்த வண்டியைப் பார்த்தார்.

அப்போதுதான் ரேடியோ பேசியது. ஒஃபேலியாவின் குரலும் களைத்திருந்தது.

“எல்லாருக்கும் சொல்றேன். கிலோமீட்டர் இருபத்தொண்ணு ஆம்புலன்ஸ். ஆபரேஷன் முடிஞ்சுது. ரெண்டு உயிரும் நல்லாருக்கு. பொண் குழந்தை. கத்தற சத்தம் ரெண்டு மாடிக்குக் கேக்குதாம்.”

கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். யாருடைய குழந்தை என்று அவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது. தட்டினார்கள்.

அமாதேயோவும் தட்டினார். கொப்புளம் வலித்து முகத்தைச் சுளித்தார். பிறகு ரூஃபினாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் வண்டிப் படியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, முதுகு குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

“யாரு அது, இந்தாய்?”

ஒரு வருஷமாகச் சொல்லாத பேரை அவள் சொன்னாள்.

அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். ஈர மணலில், சின்னப் பிள்ளை மாதிரி, காலை நீட்டி.

“நான் சாவியை உருவினேன்,” என்றார்.

“குடுத்தீங்க.”

“பேரு தெரிஞ்சிருந்தா உருவியே இருக்க மாட்டேன்.”

“பேரு தெரியாமயே குடுத்தீங்க, மனோங். அதைத்தான் உங்க பேத்திக்கு நான் சொல்லுவேன்.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சேறுதான் இன்னும் பூசிற்று.

ஆஸ்பத்திரிக்குக் காபாசன் லாரியில் அவளை ஏற்றிவிட ஏற்பாடு ஆயிற்று. அவள் முகம் கழுவப் போன நேரத்தில் நகராட்சியின் மோட்டார் சைக்கிள் வந்தது. வந்தவன் இறங்காமலே ஒரு கவரை அமாதேயோ கையில் திணித்துவிட்டுப் போனான். சேறு அப்பிய பேரை யாரோ பாங்தோலில் படம் எடுத்திருக்கிறார்கள். மலைக்குக் கீழே டவர் எடுக்கிற இடம் வந்ததுமே அது மேயர் காசிமிரோவின் போனுக்குப் போய்விட்டது.

அவர் உதடு அசைய மெதுவாகப் படித்தார். ரூஃபினாவிடம் சொன்னபோது குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. லுமாங்கோ நாலு ஊர்க் கூட்டிலிருந்து விலகுகிறது. வண்டியில் லுமாங்கோவுக்குச் சேரவேண்டிய பங்கு இன்னும் தீராததால், பொக்லைன் இனி லுமாங்கோவை விட்டுப் போகக்கூடாது. நாளைக் காலை எட்டு மணிக்கு அதை மேயர் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, சாவியைத் தலைவர் அமாதேயோ தன் கையால் ஒப்படைக்க வேண்டும்.

ரூஃபினாவின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. சாவி அங்கேதான் இருந்தது. நாளை மறுநாளோடு லுமாங்கோ முறை முடிகிறது. அடுத்தது காபாசன், இன்று நாற்பது பேரை அனுப்பிய ஊர்.

பதினைந்து வருஷத் தலைவர் பதவியை அமாதேயோவுக்கு வாங்கிக் கொடுத்தவர் காசிமிரோ. அவர் வீட்டுக் கூரைத் தகரத்தில்கூட அந்தப் பேர் இருக்கிறது. சாவிக்கு அவர் கை நீளும் என்று ரூஃபினா காத்திருந்தாள். கை நீளவில்லை.

“எட்டு மணிக்கு நான் போறேன்,” என்றார்.

“சாவி?”

“நீ ஆஸ்பத்திரிக்குப் போற. சாவி உன் பையில இருக்கு. என்கிட்ட இல்லாததை நான் எப்படிக் குடுப்பேன்?”

லாரி கிளம்பும்போது அவள் எட்டிப் பார்த்தாள். அமாதேயோ வண்டிக் கொட்டகையிலிருந்து ஒரு பழைய டப்பாவைத் தூக்கி வந்திருந்தார். சாம்பல் பெயின்ட். டப்பாவின் அடியில் கொஞ்சம்தான் இருந்திருக்க வேண்டும். காய்ந்த மண்ணைக் கையால் சுரண்டிவிட்டு, கொப்புளம் பட்ட கையில் பிரஷைப் பிடித்து, முதல் எழுத்திலிருந்து பூசிக்கொண்டே வந்தார். ‘மேயர்’ போயிற்று. ‘காசிமிரோ’ போயிற்று. அதோடு பெயின்ட் தீர்ந்தது.

சாயங்கால வெயிலில், சாம்பல் வண்டியின் வயிற்றில், மஞ்சளாக ஒரே வார்த்தை மிச்சம் நின்றது.

உபயம்.

யாருடையது என்று எழுதவில்லை. லாரியில் அவளோடு நின்ற காபாசன்காரர்கள் அதைப் படித்துவிட்டு, மம்பட்டிக் காம்பால் தகரத்தைத் தட்டினார்கள். அமாதேயோ திரும்பிப் பார்க்கவில்லை. காலி டப்பாவைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து, மேயரின் கடிதத்தை முதலிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினார்.